உன் கூடை இப்போது யார் தலையில்?

எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிய வசந்தா அக்காவுக்கு,

உன் மகள் புவனாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. திண்டிவனத்தில், கணிதம். இதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது, இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். சொல்கிறேன்.

நீ போனது கார்த்திகை மழையில். உப்பளம் முழுக்க மழைநீர் நின்றிருந்த நேரம். "சீசன் இல்லாத நாளாப் பார்த்துப் போயிட்டா, யாருக்கும் தொந்தரவு குடுக்கல" என்று சாவு வீட்டில் ஒரு பெண் சொன்னாள். உன்னைப் பாராட்டித்தான் சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் உப்புப் பாத்திகளைச் சீர் பண்ண ஆரம்பித்தார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உப்பை ஆண் வாருவான். அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து மேட்டில் கொட்டுவது பெண். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஜோடி. ஜோடி இல்லாத ஆணுக்கு அந்த வருஷம் பாத்தி கிடையாது.

"ஜோடி எங்கன்னு மேஸ்திரி கேக்குறாரு ரேவதி. நான் இன்னா பண்ணட்டும்? இந்த ஒரு சீசன்தான்" என்றார் மாமா. உன் புருஷனை நான் குறை சொல்லவில்லை. உனக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. ஆனால் புவனா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. விடியலில் கூடை சுமந்துவிட்டு, கால் கழுவி, பள்ளிக்கு ஓடினாள். பரீட்சையும் அப்படித்தான் எழுதினாள்.

இந்த ஒரு சீசன்தான். அம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு கூடை தூக்க முடியாமல் போன வருஷம், அப்பாவும் இதையேதான் சொன்னார். நீ ஒன்பதாவது. நான் ஐந்தாவது. நீ உப்பளத்தில் இறங்கினாய், நான் பள்ளிக்குப் போனேன். உன் சீசன் முடியவே இல்லை. நான் பி.எஸ்ஸி. முடித்தேன், பி.எட். முடித்தேன். கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சரானேன். பத்தாம் வகுப்புக்குச் சிறுநீரகம் பற்றிப் பாடம் நடத்தினேன்.

உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்ப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த டாக்டரம்மா உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

"வேலைக்குப் போனா குடிக்கிறதில்லீங்க."

"வெயில்லயா? ஏம்மா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். "அது வெட்டவெளிங்க. ஒரு செடிகூட இருக்காது. சுத்தியும் ஆம்பளைங்க."

விடியலிலிருந்து மதியம்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே குடிக்காமல், எத்தனை வருஷம்? உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், ஒருத்திக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் அதே ஊரில் பிறந்தவள். படித்தவள். உன்னிடம் ஒருநாள்கூட இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நீ இருந்திருப்பாயா?

சித்திரை விடுமுறையில் புவனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். வரப்பில் அவள் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

"ஏண்டி குடிக்கல?"

"குடிச்சா எங்க போறது சித்தி?"

அவ்வளவுதான் சொன்னாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேஸ்திரியிடம் போய் நின்றேன். நாலு தகரம் வைத்து ஒரு மறைப்பாவது கட்டிக் கொடுக்கக் கூடாதா என்றேன். "டீச்சரம்மா இன்னைக்கு ரூம் கேப்பீங்க, நாளைக்கு ஃபேன் கேப்பீங்க" என்றார். கூடை சுமந்த பெண்களும் சிரித்தார்கள். அது என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, தெரியவில்லை. அவர்களே இரண்டு பழைய சேலைகளைக் கம்பில் கட்டிப் பார்த்தார்கள். கடற்காற்று மதியத்துக்குள் கிழித்துவிட்டது.

இந்தப் பெண்ணை இங்கே விட்டால் உன் பக்கத்தில்தான் கொண்டுவந்து படுக்க வைப்போம் என்று மாமாவிடம் நேராகச் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "பாத்தி போச்சுன்னா சோத்துக்கு எங்க போறது?" என்று அவரும் கத்தினார். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் காலையில் அவரே, "சரி, கூட்டினு போ. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்" என்றார். அந்த வேற ஏற்பாடு என்ன என்று நான் கேட்கவில்லை, அக்கா. ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. இல்லை, அதுகூடப் பொய். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது பதிலைக் கண்ணால் பார்த்தேன். மாமா வாரிக்கொண்டிருந்தார். அவர் வாரிய உப்பைச் சுமந்து வந்தது மகா. மாமாவின் தம்பி மகள்தான், உன் மடியில் உட்கார்ந்து மாங்காய் தின்பாளே, அவள். பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு.

"ஞாயித்துக்கிழம மட்டும் வர்றியா?" என்று கேட்டேன். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"தினமும்தான் டீச்சர். பரிட்சைக்கு மட்டும் போனாப் போதும்னு அப்பா சொல்லிட்டாரு. புவனா அக்கா காலேஜ் பஸ்ல ஜன்னல் சீட்டு புடிச்சிருச்சாமே?"

"தண்ணி குடிச்சியா?"

"ஐயோ, டீச்சர் கேள்வி கேட்டுட்டாங்க!" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரிப்பில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

புவனாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "நான் இங்க வந்துட்டா அங்க யாராச்சும் நிக்கணும்ல சித்தி? நீங்க படிக்கும்போது எங்கம்மா நின்னாங்கல்ல?" குத்திக்காட்டவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள்.

ஒரு பெண் மேலே ஏற இன்னொரு பெண் கீழே நிற்க வேண்டும் என்றால், நாம் முன்னேறியிருக்கிறோமா, அக்கா? நம் வீட்டில் ஒரு பட்டதாரி என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். இரண்டாவது பட்டதாரியும் வரப்போகிறாள். அப்புறம்? மகாவுக்குப் பின்னால் அவள் தங்கை இருக்கிறாள், ஆறாவது படிக்கிறாள்.

சில நாள் எதுவும் பிடிக்கவில்லை. வகுப்பில் பேசுகிற என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. மகாவின் இடத்தில் நான் போய் நிற்கலாமா என்றுகூட யோசித்தேன். நீ யோசிக்காமல் செய்ததை என்னால் வாய் திறந்து சொல்லக்கூட முடியவில்லை.

போன ஞாயிறு மறுபடியும் போனேன். டீக்கடையில், மாமாவைப்போல் உப்பு வாருகிற ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டதால் ஜோடி இல்லை, அதனால் பாத்தியும் இல்லை. மாமாவுக்கு வேண்டியது ஒரு ஜோடி. இவரும் ஜோடி இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஏன் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்?

மாமாவிடம் சொன்னேன். "ஏழுமலை அண்ணன் வாரட்டும். கூடைய நீங்க தூக்குங்க மாமா. மறுநாள் மாத்திக்குங்க."

"ஆம்பள கூடை தூக்குறதா? விளையாடுறியா?"

"மேஸ்திரிகிட்ட கேட்டுட்டேன். உப்பு மேட்டுக்கு வந்தா சரி, யார் தலைல வந்தா எனக்கு இன்னான்னுட்டாரு."

மாமா உன் படத்தைப் பார்த்துக்கொண்டு, "சிரிப்பானுங்க, ரேவதி" என்றார்.

முடியாது என்று சொல்லவில்லை, அக்கா. சிரிப்பார்கள் என்றுதான் சொன்னார். இந்த ஒரு வாரமாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்திருக்கிறேன், வகுப்புக்குப் போகிறேன். அது நம்பிக்கை என்று சொல்லும் அளவுக்குப் பெரியதா? தெரியவில்லை. என்னிடம் இப்போது இருப்பது அதுதான்.

ஆகவே புவனாவின் கல்லூரியை இன்னும் நல்ல செய்தி என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். மகா வகுப்பில் உட்கார்ந்த பிறகு சொல்கிறேன். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழுமலையிடமும் பேசிவிட்டேன், "உங்க மாமா வந்தா நான் வர்றேன்" என்கிறார். விடியும்போது நான் உப்பளத்தில் இருப்பேன். மாமாவுக்குத் தலையில் துணி சுற்றி, முதல் கூடையை நானே தூக்கி வைப்பேன். சிரிக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும். அவர் கீழே போட்டால், மறுபடி தூக்கி வைப்பேன்.

நீ நின்றதால் நடந்த தங்கச்சி,
ரேவதி