பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

1988, சரஸ்வதி பூஜை. திண்டிவனம்.

நூலகத்தில் நான் நடத்தும் இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடருமா என்று பார்க்க, நாளைக் காலை விழுப்புரத்திலிருந்து அதிகாரி வருகிறார். அவருக்குக் காட்ட, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளின் எடையைக் கூட்டும் புரோகிராமை, வகுப்புக்கு வரும் மண்டிக் கணக்கர் அமிர்தம் நேற்று முழுக்க அடித்தாள். பதிந்துவைக்க டேப் இல்லாததால் அணைக்காமல் விட்டிருந்தோம்.

இன்று நானும் அமிர்தமும் போனால் அணைந்திருந்தது. மேலே சந்தனம், குங்குமம்.

"ஆயுத பூஜையாச்சே சார், அதுவும் ஓய்வெடுக்கட்டும்னு நிறுத்திட்டேன்," என்றார் நூலகர் கண்ணையன்.

கரும்பலகையைத் துடைத்த மாதிரி எல்லாம் போயிருக்கும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"பேஜாரு பண்ணிட்டீங்களேண்ணே! இப்பவே தட்டிடவா?" என்றாள் அமிர்தம்.

"பூஜையில வெச்சத இன்னிக்குத் தொடக்கூடாதும்மா."

"அப்ப காலையில ஜல்தியா தொறங்க."

புரோகிராம் வரிகளை முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள். எனக்கு முதல் மூன்று வரிதான் நினைவிருக்கிறது. அவளை நம்பித்தான் படுக்கிறேன்.