அண்ணனுக்காகக் கண் வரிசையில்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் நீ அண்ணனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்வேன் என்று தோன்றுகிறது. கல்லூரியில் பாடம் நடத்திய பழக்கம் இன்னும் விடவில்லை, அதனால் கரும்பலகையில் எழுதிப் போடுவதுபோல் முதலில் போட்டுக்கொள்கிறேன்.

1. அண்ணனுக்கு வந்திருப்பது என்ன.
2. அதற்கு உதவி தேடி இந்தச் சின்ன ஊரில் நான் எங்கே போய் உட்கார்ந்தேன்.
3. அவன் இப்போது தங்கியிருக்கும் வீடு.
4. நீ இப்போதைக்கு அவனோடு ஏன் பேசக் கூடாது.

ஊராருக்குப் பல் செட் செய்து கொடுக்கும் தன் அறையில், மேல்தட்டிலிருந்து பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு மூட்டையை இறக்கப் போய் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான், வேறு எங்கிருந்தும் வந்ததில்லை. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. முதலில் ஒன்று, பிறகு ஒன்றோடு ஒன்று, பிறகு பக்கத்து ஊர் மருந்துக்கடைகளில் கெஞ்சி வாங்குவது என்று அது அவனுக்குள் வேர்விட்டது. நாங்கள் சும்மா அசதி என்று நினைத்தோம். வக்கீல் குமாஸ்தா ஒருநாள் அண்ணன் செய்து கொடுத்த புதுப் பல் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, 'தம்பி, மேல் பல்லு ஒண்ணு பேசுது, கீழ்ப் பல்லு வேற ஒண்ணு பேசுது, நடுவுல நான் என்னத்த மெல்றது' என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அன்று நான் அவன் அறைக்குப் போனேன். அலமாரி நிறைய ஊராருடைய வாய்கள், வெள்ளை அச்சுகளாக, ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாம் எதையோ சொல்ல வந்து பாதியில் நின்றவைபோல இருந்தன. அவற்றுக்கு நடுவே உன் அண்ணன் மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு, உருக்க மறந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வருகிறவன்போல மெதுவாகத் திரும்பி, 'வாப்பா' என்றான்.

அறையில் போட்டுப் பூட்டினால் தன்னால் விட்டுவிடுவான் என்று நீ சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. அதைச் சொன்னவர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. அவரிடம் போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய்.

நம் ஆஸ்பத்திரியில் கண் பிரிவு பெஞ்சைத் தாண்டினால் பச்சைத் திரை போட்ட ஒரு கதவு உண்டல்லவா, மனநல டாக்டர் வாரம் ஒருமுறை அங்கேதான் வருகிறார். குடி, மாத்திரை எல்லாவற்றுக்கும் அவர்தான். அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எனக்குத் தைரியம் வரவில்லை. கண் வரிசையில் உட்கார்ந்தேன், கூட்டம் குறைந்ததும் நைசாக நழுவி அந்தப் பக்கம் போய்விடலாம் என்று திட்டம். அதற்குள் என் முறை வந்து, தலையைப் பிடித்துச் சாய்த்துக் கண்மணியை விரிய வைக்கும் மருந்தை விட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். பச்சைத் திரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் வெளியே வந்தால் வெயில் பால்போலக் கரைந்து கிடந்தது. கடைப் பலகைகளில் எழுத்து இல்லை. எதிரே வருகிறவர்களுக்கு முகம் இல்லை, அதனால் எனக்கும் முகம் இல்லை என்று தோன்றியது. சுவரைத் தொட்டபடி நடந்தேன். ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியும் விரிந்து பூத்தது. குட்டிம்மா, கவலை எங்கேயோ தூரத்தில் இன்னொருத்தர் வீட்டுக் கவலைபோல இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மனது லேசாயிற்று.

அடுத்த வாரமும் போய் அதே கண் வரிசையில் உட்கார்ந்தேன். கூச்சத்தால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுக்க அது உண்மையா என்று இப்போது எனக்குச் சந்தேகம். இரண்டாம் முறை மருந்துக் குப்பியோடு வந்த நர்ஸம்மா என்னை உற்றுப் பார்த்து, 'பெரியவரே, உங்க கண்ணு கண்ணாடியாட்டம் இருக்கு, போன வாரமே பாத்தாச்சு. யாருக்காக வந்திருக்கீங்க?' என்று கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் மருந்து எரிகிறது என்று நினைத்திருப்பார்கள், அந்த மட்டும் நல்லது. அவர்தான் கையைப் பிடித்துத் திரைக்குள் அழைத்துப் போனார். 'வேணும்னு பண்றாருன்னு நினைக்காதீங்க. உங்களுக்குப் பசி எடுக்கிற மாதிரி அவருக்கு அது எடுக்குது. பசிக்காதேன்னு யாருக்காவது புத்தி சொல்ல முடியுமா?' என்றார். நான் தலையாட்டினேன். கூர்மையெல்லாம் மழுங்கிய அந்தத் தெருவை நினைத்துக்கொண்டேன். அண்ணன் தினமும் அங்கே போய் நின்றிருக்கிறான், திரும்ப வழி தெரியாமல். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா, 'பையனுக்கு வைத்தியம் பாக்கப் போனவரு ரெண்டு வாரமா தன் கண்ணக் கழுவிக்கிட்டு வந்திருக்காரு' என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுவாரம் அவளே அண்ணனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், எல்லாரும் பார்க்க, பச்சைத் திரைக்கு நேராக உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கண் பெஞ்சிலிருந்து ஒருத்தர் நகர்ந்து இடம் கொடுத்தாராம்.

அந்த டாக்டர் அனுப்பித்தான் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மறுவாழ்வு வீட்டில் சேர்த்தோம். பழைய விதைக் கிடங்கு, உயரமான கூரை, காலையில் ஆற்று மூடுபனி ஜன்னல் வழியாக வந்து கட்டில்களுக்கு நடுவே உலவிவிட்டுப் போகிறது. மருந்தை டாக்டர் சொல்கிற அளவில் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். நடத்துகிறவர் முன்னாள் பஸ் டிரைவர், ஒரு காலத்தில் குடியில் மூழ்கி மீண்டவர், எல்லாரும் கியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறுபடியும் மாத்திரைக்குப் போய்விட்டால் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, 'ஒரு தடவ ரிவர்ஸ் போச்சுன்னா வண்டிய ஆத்துலயா சார் தள்ளுவீங்க? மறுபடி ஃபர்ஸ்ட்ல போட்டு எடுக்கணும்' என்றார். அண்ணன் போன முதல் நாளே அவர் சிரிப்பைப் பார்த்து, 'அண்ணே, அந்தக் கடவாப்பல்ல இப்பவே கவனிங்க' என்றானாம். அண்ணனுக்கு இன்னும் கை நடுக்கம் இருக்கிறது, தூக்கம் சரியாக இல்லை, இரண்டு முறை பையைக் கட்டிக்கொண்டு வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறான்.

இனி நான்காவது. அந்த வீட்டில் ஞாயிறு மதியம் குடும்பத்தார் போனில் பேசலாம். நீ எண் கேட்டாய், நான் பிறகு தருகிறேன் என்று மழுப்பினேன். கடைசியாக நீங்கள் இருவரும் பேசியபோது, அவன் மாத்திரையை விடவில்லை என்ற கோபத்தில், இனிமேல் எனக்கு அண்ணனே இல்லை என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். அவன் கண்ணாடிப் பாத்திரம்போல இருக்கிறான், உன் குரல் கேட்டால் கலங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவன் தேறட்டும், உன் கோபமும் ஆறட்டும். பிறகு பேசலாம்.

இதுவரை எழுதி மூடி வைத்துவிட்டு இன்று ஞாயிறு அவனைப் பார்க்கப் போய் வந்தோம். கூடத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் அண்ணன் எழுந்து நிற்கிறான். யாருக்கோ என்று தெரிந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்தவன்போலக் குடத்தின் பக்கம் போகிறான். ஞாயிற்றுக்கிழமையானால் இப்படித்தான் என்று கியர் என் காதோடு சொன்னார், போன வாரம் பையைக் கட்டியதும் கடைசிப் போன் அடித்து ஓய்ந்த பிறகுதானாம். திரும்பும்போது வாசல்வரை வந்து, 'அவ என் நம்பரக் கேட்டாளாப்பா?' என்றான். எனக்குப் பொய் வரவில்லை. கேட்டாள், நான்தான் கொடுக்கவில்லை, உன்னைத் திட்டுவாளோ என்று பயம் என்றேன். 'திட்டட்டுமேப்பா. திட்டுறதுக்காவது அவ இருக்கான்னு தெரிஞ்சா போதும்' என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காராமல் பெண்கள் இருக்கைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் எண்ணை உன் போனுக்கு அனுப்பப் போவதாக என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். உறையின் பின்பக்கம் நானும் அந்த எண்ணை எழுதியிருக்கிறேன். கடிதம் முந்தினாலும் அம்மா அனுப்புவது முந்தினாலும் அதையடுத்து வருகிற ஞாயிறு கூப்பிடு. உங்கள் மதியம் இல்லை, எங்கள் மதியம், அதை மறந்துவிடாதே. என்ன பேசுவது என்று யோசிக்காதே, கோபம் இருந்தால் கோபத்தையே பேசு. நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மேலே நான்காவதாக எழுதியதை அடித்துவிட்டுப் படி குட்டிம்மா, அது தவறு.

உன் அப்பா