பலகையில் பத்தொன்பது

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பதிலாகக் கோயிலில் பாட்டு எண் பலகையில் நான்தான் அட்டைகளைச் சொருகினேன். போதகர் சொன்னது பதினாறாம் பாட்டு, ஆறுதல் பாட்டு. நான் ஆறைத் தலைகீழாகச் சொருகிவிட்டேன். சபையே எழுந்து பத்தொன்பதைப் பாட ஆரம்பித்துவிட்டது. நம் கல்யாணத்தில் பாடிய அதே பாட்டு.

யாரும் நிறுத்தவில்லை. ஆண்கள் பாடும் வரிகளில் உங்கள் குரல் இல்லாததுதான் குறை. அதையும் நானே கட்டைக் குரலில் பாடிவைத்தேன். நம் சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர், "இன்னிக்கு யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டார்.

"எங்களுக்குத்தான் ஐயா, மறுபடியும்" என்றேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கேட்டிருந்தீர்கள். அவர் நிறையச் சொன்னார். எல்லாவற்றையும் அப்படியே ஆண்டவரிடம் ஒப்பித்துவிட்டேன். இனி அது அவர் பாடு.

பலகையை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன் முடியட்டும். அந்த ஒன்பதை நீங்களே வந்து திருப்புங்கள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்றும் இன்றும்
உங்கள் மணப்பெண்