நாய் குறுக்கே வந்தது

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் முக்கால்வாசி உண்மை. போனில் உன் இருமல் கேட்டாலும் நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளை பொய் சொல்கிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகு, உண்மையைக் கேட்டு வாங்க வேண்டுமா, அதுவாக வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? ஆறு நாளாக யோசிக்கிறேன். 

சின்னவளின் தோழி குருவியை உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டுக்கு வந்தால் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போகும் ஒல்லிப்பிச்சான். போன வியாழக்கிழமை அவளைச் சக்கர நாற்காலியில் எங்கள் எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் அவள் அம்மா, கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள் போல, தையல் அளவுநாடா கழுத்திலேயே தொங்கியது. அவளுக்கும் பின்னால் நம் சின்னவள். மருத்துவரின் சீட்டில், தோழியின் சைக்கிளை வாங்கித் தனியாக ஓட்டிச் சென்றபோது நாய் குறுக்கே வந்து விழுந்தார் என்று எழுதியிருந்தது. அந்த நாய் எங்கள் பிரிவில் பிரபலம். பள்ளிச் சீருடையில் கையை உடைத்துக்கொண்டு வரும் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரே வண்டியில் மூன்று பேர் போனாலும், கையை விட்டு ஓட்டினாலும், லாரியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாலும், பழி நாய்க்குத்தான். என் உதவியாளர், “மேடம், இன்னிக்கும் நாய் டூட்டிக்கு வந்துருச்சு போல” என்று காதோடு சொன்னார். இத்தனை பேரைத் தள்ளிவிட்ட அந்த நாய்க்கு இதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருவியின் குதிகாலில் தோல் உரிந்து, கணுக்காலுக்குப் பின்னால் சக்கரக் கம்பிகளின் தடம் வரிவரியாக இருந்தது. உள்ளே எலும்பில் விரிசல். மிதித்து ஓட்டுகிறவளின் கால் பின்சக்கரத்துக்குள் போகாது, கேரியரில் உட்கார்ந்திருப்பவளின் கால்தான் போகும். பத்தொன்பது வருஷமாக இந்தப் படங்களை எடுக்கிறேன், இதற்கு மருத்துவர் வேண்டியதில்லை. அப்படியானால் ஓட்டியது யார்? சின்னவளைப் பார்த்தேன். கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று சுவரில் இருந்த ஒற்றை வரியை அவள் ஐந்து நிமிஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தையல்காரம்மா நம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். சங்கிலியைத் துடைத்து, நெளிந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்திருந்தாள். “எம் பொண்ணு உங்க வண்டிய இப்படிப் பண்ணிட்டாளே, மனசுல வச்சுக்காதீங்க” என்றாள். உள்ளறையில் சின்னவள் புத்தகப் பக்கம் புரட்டும் சத்தம் நின்றுபோனது. வண்டி கிடக்கட்டும், குழந்தை நடக்கட்டும் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அப்போதே சின்னவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. அன்றிலிருந்து அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறாள், வண்டிப் பக்கம் திரும்புவதே இல்லை. குருவி வீட்டுக்கும் போகவில்லை.

பாலத்து இறக்கத்தில் “பிரேக் தொட்டா அவுட்” என்று ஒரு விளையாட்டு நடக்கிறதாம், எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். உச்சியிலிருந்து கீழே பஸ் நிறுத்தம் வரை பிரேக்கைத் தொடாமல் வரவேண்டும். நம்பாமல் திங்கட்கிழமை நானே போய் நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பாதிப் பேர் பெண்கள், புத்தகப்பை பறக்க, கத்திக்கொண்டே இறங்கினார்கள். கீழே பஸ் திரும்பிக்கொண்டிருக்கிறது. என் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கி, இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தன. கூடவே ஒரு நொடி, அந்தக் கும்பலில் நான் இல்லையே என்றும் இருந்தது. இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே, அவர் ஏற்கெனவே காலையும் மாலையும் “அந்த வண்டிய வித்துத் தொலைங்க” என்று மந்திரம் ஓதுகிறார். அவரைச் சொல்லி என்ன, இன்னொரு தடவை விழுந்தாய் என்றால் சைக்கிளே கிடையாது என்று போன வருஷம் சட்டம் போட்டவள் நான்தான். விழாமல் இருக்கட்டும் என்று போட்டேன். விழுந்தால் சொல்லாமல் இருக்கத்தான் அது உதவியிருக்கிறது. உன் பத்தாம் வகுப்பில் முகவாயில் நான்கு தையல் போட்டார்களே, நீயும் நாய் என்றுதான் சொன்னாய். நான் நம்பவில்லை, நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை. அதைப் பெருந்தன்மை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

இருமலைக் காட்டி மருந்து வாங்கிக்கொள். நீ வேலைக்குச் சைக்கிளில் போகிறாய் அல்லவா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், மாற்று. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓட்டாதே. உடம்பும் மனசும் உரமாக இருந்து நீ நினைத்தது நடக்கட்டும். பதில் எழுதும்போது உன் நாயைப் பற்றி இரண்டு வரி எழுது, இனிமேல் திட்ட மாட்டேன்.

உன் அம்மா

வியாழன் மாலை. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். குருவியை இன்று மறுபடி படம் எடுக்க அழைத்து வந்தார்கள். பள்ளி விட்டு சின்னவளும் நடந்தே வந்து சேர்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவின் முன்னால் போய் நின்று, “அத்தை, நான்தான் ஓட்டினேன். இவ பின்னாடி உட்கார்ந்திருந்தா. பயத்துல காலை ஊனப் பார்த்தா. பிரேக்கப் பிடிடின்னு கத்தினா, நான் பிடிக்கல” என்றாள். தையல்காரம்மா மகளின் பக்கம் திரும்பினாள். நீ எதுக்குடி மாத்திச் சொன்ன என்று கேட்டாள். குருவி என்னைப் பார்த்துக்கொண்டே, “இவங்க வண்டியப் பிடுங்கிடுவாங்கம்மா” என்றாள். “நான் வேலமெனக்கெட்டுத் தொடச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தேனேடி, கழுதைங்களா!” என்று தையல்காரம்மா சின்னவளின் முதுகில் அளவுநாடாவால் ஒன்று போட்டாள். வலித்திருக்காது, ஆனால் ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த அழுகை அதில்தான் வெளியே வந்தது. அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்து, “அம்மா, அந்தச் சீட்டுல நாய்னு இருக்கே, அத அடிச்சிட்டு மாத்தி எழுத முடியுமா?” என்று கேட்டாள். எனக்கு அந்த அதிகாரம் இல்லை, மருத்துவர்தான் திருத்த வேண்டும் என்றேன். சீட்டை எடுத்துக்கொண்டு அவளே அடுத்த அறைக்குப் போனாள். மருத்துவர் சிரிக்கவில்லை. பழைய வரியை அடித்து, தோழி ஓட்டிய சைக்கிளின் பின்னால் அமர்ந்து சென்றபோது என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.