குறைத்துச் சொன்ன எடை

அக்கா,

இன்று காலை நெய்யாற்றின்கரையில், ஸ்கேன் அறையில், வயிற்றில் அந்தக் குளிர்ந்த ஜெல்லைத் தடவியதுமே எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. டாக்டர் கருவியை அழுத்தினார். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி அழுத்தினார். "கொழுப்பு மறைக்குது. உள்ள தெளிவாத் தெரியல்ல" என்றார். ஆறு வருடங்களுக்கு முன் நீ கேட்ட அதே வார்த்தை.

அன்று நீ சிரித்துக்கொண்டே எழுந்தாய். தனுவச்சபுரம் கல்லூரி கேண்டீனில் காலை முழுக்க நின்றபடி தோசை சுடுகிறவள். வயிற்றுவலியை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

சி.டி. எடுக்க அனுப்பினார்கள். அங்கே, அத்தனை பேர் காத்திருக்கும் இடத்தில் வைத்து, "எத்ர கிலோ?" என்று டெக்னீசியன் உன் எடையை உரக்கக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் இருபது கிலோ குறைத்துச் சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

மெஷினின் படுக்கை உன்னோடு பாதி தூரம் நகர்ந்து, முனகி, நின்றுவிட்டது. நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். "உள்ளதைச் சொல்லியிருந்தா பெரிய மெஷின் உள்ள இடத்துக்கே அனுப்பியிருப்போமே" என்றார் டெக்னீசியன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெரிய மெஷின் இருந்த திருவனந்தபுரத்துக்கு எழுதித் தந்த சீட்டை நீ அலமாரியில் வைத்துப் பூட்டினாய். "நான் வரல்ல மக்கா. வலியைப் பொறுத்துக்கலாம். அங்க உள்ளவங்க பார்த்த பார்வை இருக்கே, அதைப் பொறுக்க முடியாது ஆக்கும்."

இரண்டு மாதம் கழித்து, வலி தாங்காமல், நீயாகவே கிளம்பினாய். அந்த மெஷின் உன்னைத் தாங்கியது. சிறுநீரகத்தில் இருந்த கட்டியையும் காட்டியது. அதற்குள் அது நுரையீரல்வரை பரவியிருந்தது. முன்பே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

கடைசி வாரத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு மக்கா. நீ குறைச்சுச் சொல்லணும்னுதானே நான் உனக்க முகத்தைப் பார்த்தேன்" என்றாய். அது ஆறுதல் இல்லை, அக்கா. இன்றுவரை இல்லை.

இன்று எனக்கும் சி.டி.க்குச் சீட்டு தந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே திருவனந்தபுரத்துக்குப் போன் செய்து, என் எடையைச் சொல்லி, படுக்கை தாங்குமா என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். தாங்கும், நாளைக் காலை வாருங்கள் என்றார்கள்.

பேடியாக இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம். இன்று கூட வந்த மகள்தான் நாளையும் வருகிறாள். பாறசாலைக்கு, வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்: "எனக்க முகத்தைப் பார்க்காத மக்கா. கேட்டா உள்ளதைச் சொல்லு."