ஹரி எடுத்துப்போன டிஸ்க்

2011 ஜூன் 14, புத்தூர்

ரங்கையா இன்னிக்கும் வந்தார். வெதுருகுப்பத்துலேர்ந்து பஸ் ஏறி, இந்த வெய்யில்ல. மாசியில நடந்த அவர் பொண்ணு கல்யாணத்துக்கு என் வூட்டுக்காரர் ஹரிதான் படம் எடுத்தது. ஆல்பத்துக்கு அலையறார், பாவம். குவைத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஹரி என்ன சொன்னார்? "எல்லாப் படமும் கம்ப்யூட்டர்லயே இருக்கு யமுனா. பொறுக்கி எடுத்து பிரிண்டுக்கு அனுப்பு, அவ்ளோதான்."

இருக்குதான். எங்க போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேரைத் திறந்தா வரிசை வரிசையா குட்டிப் படங்க: தாலி கட்டறது, பந்தி, மாப்பிள்ளை முறைக்கறது. ஆனா ஒவ்வொண்ணு மூலையிலும் ஒரு கேள்விக்குறி. தொட்டா 'ஃபைல் காணோம்'ங்குது. கண்ணெதிர்ல நிக்கற படத்தைக் காணோம்னா நான் எங்க போய் முட்டிக்கறது?

ஜூன் 17

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கினு திருப்பதி போனேன். ரிப்பேர் கடை முனிகிருஷ்ணன் பாத்துட்டுச் சிரிச்சார். "அக்கா, இதுக்குள்ள படமே கிடையாது. எந்தப் படம் எந்த டிஸ்க்ல, எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு மட்டும் ஞாபகம் வெச்சிருக்கும். நீங்க பாக்கறது அடையாளத்துக்கு எடுத்து வெச்ச சின்ன நகல். அசல் வேற ஹார்ட்டிஸ்க்ல இருந்திருக்கு. அது எங்க?"

எங்க! வேலை கேக்கற எடத்துல சாம்பிள் காட்டணும்னு பெட்டியில வெச்சிக்கினு போயிட்டாரே மகராசன்.

அந்த நகலையே பெருசாக்குங்கன்னேன். ஆக்கிக் காட்டினார். பொண்ணு மூஞ்சி கட்டம் கட்டமா ஆயிடுச்சு. அழுகையே வந்துடுச்சு எனக்கு.

ஜூன் 18

போன்ல கத்தினேன். நெட்ல அனுப்ப முடியாதாம், அவ்ளோ பெருசு போவாதாம். "தசராவுக்கு லீவுல வரேன், நானே கொண்டாரேன்"னார். டிஸ்க் சாக்குலயாவது வந்து சேரட்டும். கோவத்துலயும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் – வெக்கங்கெட்ட மனசு.

செப்டம்பர் 29

லீவு இல்லையாம். சங்கராந்திக்காம்.

அக்டோபர் 20

ரங்கையா வந்து எங்க கடை வாசல்லயே சத்தம் போட்டார். "இல்லன்னா இல்லன்னு சொல்லும்மா! சம்பந்தி வூட்ல என்னைக் கேக்கறாங்க." ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். பொண்ணு சிரிக்கறதைப் பாத்ததும் அடங்கிட்டார். "இருக்குதே, பின்ன என்ன?" நானும் அப்படித்தானே நினைச்சேன்.

சங்கராந்திக்கு ஹரி வந்துடுவார், கையோட ஆல்பம்னு சொல்லி அனுப்பினேன். சொல்லிட்டேனே தவிர, அவர் இப்பல்லாம் போனே எடுக்கறதில்ல.

2012 ஜனவரி 11

டிஸ்க் வந்துடுச்சு. அவர் வரல.

குவைத்துல அவர்கூட ஒரே ரூம்ல இருந்த நகரிக்காரர் சந்திரசேகர் கையில குடுத்தனுப்பியிருக்கார். "அவர் எப்ப வரார்?"னு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா"ன்னு தரையைப் பாத்துக்கினே சொன்னார். காபிகூட வேணாம்னுட்டு எழுந்து போயிட்டார்.

ஜனவரி 12

டிஸ்க்கை மாட்டி, முனிகிருஷ்ணன் போன்ல சொன்னபடி ஃபோல்டர் இருக்கற எடத்தைக் காட்டினேன். கேள்விக்குறியெல்லாம் மளமளன்னு மறைஞ்சுது. ரங்கையா பொண்ணு கல்யாணம் முழுசா இருக்கு. பிரிண்டுக்கு அனுப்பிட்டேன்.

ஒரே ஒரு ஃபோல்டர்ல மட்டும் மறையல. எங்க கல்யாணம். டிஸ்க் பூரா தேடிட்டேன், இல்ல. ஆசையா காப்பி எடுத்து வெச்சிக்கினார் போலன்னு கொஞ்ச நேரம் நினைச்சிக்கினு உக்காந்திருந்தேன். காப்பி எடுத்தா டிஸ்க்லயும் இருக்கணுமே. அழிச்சாதானே இல்லாம போவும்?

ஏன்யா? என்ன பண்ணேன் நான்?

ஜனவரி 30

ரங்கையா ஆல்பம் வாங்கிக்கினார். வாயெல்லாம் பல்லு. பக்கத்துக்குப் பக்கம் தடவிப் பாத்துட்டு, "ஹரி எப்பம்மா வரார்?"னார்.

உகாதிக்குன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல.