மெத்தைக் கடை விளம்பரமும் பெரிய கேமராவும்

செவ்வாய், ஜூன் 4

காலையிலேயே புழுக்கம். கடல்காற்று சுத்தமாக இல்லை. தண்டையார்பேட்டை ஜப்பார் பாய் மெத்தைக் கடை. லோக்கல் கேபிளுக்கு அரை நிமிட விளம்பரம். இது நன்றாக வந்தால் கல்யாண வீடியோவுக்கு ஒரு கும்பிடு. பந்தியில் சாப்பிடுகிறவர்கள் வாயையே எத்தனை வருஷம் எடுப்பது?

புது டிஜிட்டல் கேமராவைக் கையில் வைத்துக் காட்டினேன். பாய் சிரித்தார்.

"இன்னா நைனா, சோப்பு டப்பா மாரி கீது. இதுலயா என்னிய எடுக்கப் போற? தோள்ல தூக்கி வைப்பாங்களே, அத்த எடுத்துக்கினு வா. இல்லாங்காட்டி கோடம்பாக்கத்துலேர்ந்து ஆளக் கூட்டியாந்துக்கறேன்."

படம் இதில்தான் பளிச்சென்று வரும் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. வயிற்றெரிச்சல்.

புதன், ஜூன் 5

மச்சான் வீட்டுப் பரணில் கிடந்த பழைய தோள் கேமரா. டேப் ஓடாது, படம் பதியாது, சிவப்பு லைட் மட்டும் எரியும். போதும். கடை நடுவில் ஸ்டாண்டில் நிறுத்தினேன் (பெரிய கேமரா, இனி பெ.கே.). பக்கத்து ஸ்டூலில் என் சின்னது, நிஜமாகப் படம் பிடிக்க. பாய் கேட்டதற்கு, "அது வெளிச்சம் பாக்க" என்று ஒரு புளுகு.

பாய் வெள்ளை ஜிப்பா, அத்தர் சகிதம். வசனமும் நன்றாகவே சொன்னார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் தலையில் கை. ஒவ்வொரு ஷாட்டிலும் பெ.கே.வையே பார்த்துப் பேசுகிறார். டிவியில் யாரோ பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல. போதாததற்குக் கன்டெய்னர் லாரி ஹாரன்.

வியாழன், ஜூன் 6

மறுபடியும். சின்னதைப் பெ.கே.வுக்குக் கீழே கட்டினால் படத்தில் பாய் விட்டத்தைப் பார்க்கிறார். மேலே கட்டினால் தரையைப் பார்க்கிறார். சின்னதைப் பாருங்கள் என்று சொன்னால் குட்டு உடையும். எரிச்சல். டீ கூட இறங்கவில்லை.

மெத்தை உறை தைக்கும் கஸ்தூரியக்கா, மிஷினை நிறுத்தாமலே: "இன்னாப்பா, கண்ணாலத்துக்கே இம்மா நேரம் எடுக்க மாட்டியே."

அப்புறம் கரண்ட் கட். லைட்டெல்லாம் அவுட். "வர்ற வரிக்கும் சாஞ்சிக்கறேன்" என்று விளம்பரத்துக்குப் போட்டிருந்த மெத்தையிலேயே பாய் சாய்ந்தார். தூங்கியும் போனார். ஜிப்பா கசங்கி, வாய் லேசாகத் திறந்து, கன்னத்துக்கடியில் கை. வாசல் வெளிச்சம் முகத்தில் அழகாக விழுந்தது.

கஸ்தூரியக்கா ரகசியக் குரலில்: "நான் வேலைக்கு வந்த நாளா இவுரு பகல்ல படுத்துப் பாத்ததே இல்லப்பா."

சின்னதில் பேட்டரி இருந்தது. எடுத்தேன். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, இதுதான் விளம்பரம்.

வெள்ளி, ஜூன் 7

ஜும்மா முடிந்து பாய் வந்ததும் கடை டிவியில் போட்டேன். பாய் தூங்குகிறார். கடைசியில் கடை பெயர். வேறொன்றும் இல்லை.

"என்னியக் கேக்காம நான் தூங்கறத எடுத்தியா?"

டிவியை அணைக்கப் போனேன். கஸ்தூரியக்காதான் காப்பாற்றினாள். "இன்னா பாய், மெத்த நல்லா கீதுன்னு நீ வாயால சொன்னா எவன் நம்புவான்? இத்தப் பாத்தா எனக்கே கொட்டாவி வருது."

பாய் சிரித்துவிட்டார். திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு தடவையும். "கேபிள்காரனாண்ட குடுத்துடு."

அப்படி ஒரு சந்தோஷம். எடுத்தது சின்னதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாய் எழுந்து போய் பெ.கே.வைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா? அதுக்குத்தான் அன்னிக்கே பெருசா எடுத்துக்கினு வான்னு சொன்னேன். சோப்பு டப்பால இந்த மாரி வருமா?"

மீஞ்சூரில் அவர் மச்சானுக்குப் பாத்திரக் கடை. அதற்கும் நானேதான் எடுக்க வேண்டுமாம். "இதே கேமரா. மாத்திடாத மாமு."

வாயை மூடிக்கொண்டேன். சண்டாளக் கேமரா.

சனி, ஜூன் 8

லேசான தூறல். பெ.கே.வின் சிவப்பு லைட் எரியவில்லை. தோளில் சுமந்துகொண்டு ரிப்பேர் கடைக்கு. தோள் விட்டுப்போயிற்று. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "இது இனிமே ஓடாதுண்ணா, தூக்கிப் போட்டுடு" என்றான்.

ஓடவே வேண்டாம், லைட் மட்டும் எரியட்டும் என்றேன்.